பேய்க்கு ஒரு முகம்

பேய்ப்படங்களுக்குப் பேய் செய்து கொடுப்பது என் தொழில்களுள் ஒன்று. நாடகக் குழுக்களுக்குக் கிரீடமும் கதாயுதமும், பள்ளி ஆண்டு விழாக்களுக்குச் சிங்கத் தலையும் புலித் தலையும், துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைகளுக்கு ஒடிந்துபோன விரல்களும் செய்து கொடுப்பதுதான் ஆண்டு முழுவதும் என் வீட்டு அடுப்பை எரியச் செய்கிறது. பேய் எப்போதாவதுதான் வரும். வந்தாலும் கடன் சொல்லிக்கொண்டுதான் வரும். தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹவுள் அருகே அமர்ந்திருக்கும்போது புதியவர் யாரேனும் என் தொழிலைக் கேட்டால், "பொம்மை வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது என் வழக்கம். அதற்குமேல் விரித்துச் சொல்லப் புகுந்தால், அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கிய பேச்சு மஃரிபுக்குள் முடியாது.

முகத்தில் பூசும் வண்ணம் எதையும் நாம் அரிதாரம் என்கிறோம். அரிதாரம் என்பது உண்மையில் ஒரு கனிமத்தின் பெயர். கந்தகமும் ஆர்சனிக்கும் கூடிய மஞ்சள் நிறக் கல் அது, நஞ்சு. அதை அரைத்துக் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டுதான் நம் முன்னோர் இரவெல்லாம் மேடையில் நின்றார்கள். பின்னர் முத்துவெள்ளை வந்தது. அதன் பின்னர் டப்பாக்களில் அடைத்த மேல்நாட்டுக் களிம்புகள் வந்தன. கல் போய்விட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இந்தத் தொழிலில் கொஞ்சம் நஞ்சு எப்போதும் கலந்தே இருக்கிறது என்பதை அந்தப் பெயர் எனக்கு அவ்வப்போது நினைவூட்டுவதுண்டு.

ஆரப்பாளையத்தில், வைகைக் கரையை ஒட்டிய தெருவொன்றில், மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு என் பட்டறையை வைத்திருக்கிறேன். பேய் செய்யும் தொழிலுக்கு மதுரையைப்போல் வசதியான ஊர் வேறில்லை என்று சொன்னால் சென்னை நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிக்கட்டும். அச்சு வார்க்கும் கலையைக் கற்க வேண்டுமா? திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரிக்குப் போனால், கொலு பொம்மையும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் தலைமுறை தலைமுறையாக வார்த்துவரும் வேளார் குடும்பங்கள் இருக்கின்றன. எந்த மண் காய்கையில் வெடிக்கும், காகிதக்கூழில் எவ்வளவு பசை சேர்க்க வேண்டும், அச்சை எந்த இடத்தில் இரண்டாகப் பிளந்தால் மூக்கு உடையாமல் உருவம் வெளியே வரும் என்பனவெல்லாம் அங்கே சிறுவர்களுக்கும் தெரியும். ரப்பர் பால் வேண்டுமா? மலைக்கு அப்பால் கேரளத்துத் தோட்டங்களில் அது வடிகிறது. குமுளி வழியாக வரும் கேன், கம்பம், தேனிப் பேருந்துகள் வந்து நிற்கும் ஆரப்பாளையம் நிலையத்தில் இறங்கினால், என் வீட்டுக்குக் கால்நடைத் தொலைவுதான். வண்ணத்தை ரப்பரின்மேல் உரியாமல் ஒட்டவைக்க மேல்நாட்டார் ஒரு பசை விற்கிறார்கள். நம் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனில் வண்ணப்பொடியைக் குழைத்தால் அதே வேலை நடக்கிறது. பேயின் தாடையைத் திறந்து மூடச் சைக்கிள் பிரேக் கம்பி போதும். உறைக்குள் ஓடும் கம்பியை மறைவில் இருந்து ஒருவர் இழுத்துவிட்டால் வாய் பிளக்கும். 1206ஆம் ஆண்டில் தம் பொறிநூலை எழுதி முடித்த அல் ஜஸரி, யானைமேல் அமைத்த நீர்க்கடிகாரத்தில் அரைமணிக்கு ஒருமுறை பாம்பு குனிந்து உருண்டையைக் கவ்வும்படி செய்தார் என்று படித்தபோது, இந்தத் தொழிலில் எனக்கு ஒரு முன்னோர் கிடைத்துவிட்டதாக உள்ளூர மகிழ்ந்தேன்.

கடற்பாசியின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முகமூடி ஒருவருக்குத் தோல்போல் பொருந்த வேண்டுமானால், முதலில் அவருடைய முகத்தையே அச்செடுத்தாக வேண்டும். பல் மருத்துவர்கள் பல்லை அச்செடுக்கப் பயன்படுத்தும் ஆல்ஜினேட் என்னும் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மூக்குத் துளைகளை மட்டும் விட்டுவிட்டு முகம் முழுவதும் பூசுகிறோம். சில நிமிடங்களில் அது இறுகி, வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு போலாகிவிடும். அதன்மேல் மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி, காய்ந்ததும் மெல்லக் கழற்றினால், கண்ணிமை மயிரின் தடம்கூட உட்புறத்தில் பதிந்திருக்கும். இந்தப் பொடி எங்கிருந்து வருகிறது? கட்டக்கோரை என்று நம் கடற்கரை மக்கள் அழைக்கும் பழுப்புநிறப் பாசியிலிருந்து எடுக்கப்படுவது அது. இதற்கு முன் இந்த வேலைக்குப் பயன்பட்டது அகர் அகர், அதுவும் பாசிதான். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்த அகர் நின்றுபோகவே, அதற்கு மாற்றாக ஆல்ஜினேட் பெருவழக்கானது. மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் மூழ்கி எடுக்கும் பெண்களின் உழைப்பை நம்பி, மதுரை வட்டாரத்தில் பாசித் தொழிற்கூடங்கள் இயங்கிவந்திருக்கின்றன. ஜிகர்தண்டாவில் மிதக்கும் வழுவழுப்பும், பேய்க்கு முகம் எடுக்கும் கூழும் ஒரே கடலின் பிள்ளைகள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

2008ஆம் ஆண்டில் ஓர் இளம் இயக்குநர் இந்த மாடிக்கு ஏறிவந்தார். செக்கானூரணிப் பக்கத்தில் ஒரு பாழுங்கிணறு. அதற்குள் ஏதோ ஒன்று இருக்கிறது. இரவில் வெளியே வருகிறது. இவ்வளவுதான் கதை. கணினியில் உருவம் வரைந்து சேர்க்க அவரிடம் பணம் இல்லை. உருவத்துக்கென்று அவர் ஒதுக்கியிருந்த தொகை பதினெட்டாயிரம் ரூபாய். அதில் ஐயாயிரத்தை முன்பணமாக எடுத்து வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை விரித்தார். மருத்துவப் புத்தகம் ஒன்றின் படநகல் அது. தொழுநோய் முற்றியவர் ஒருவரின் முகம். புருவம் உதிர்ந்து, நெற்றி தடித்து மடிந்து, மூக்குத் தண்டு அமிழ்ந்திருந்தது. சிங்க முகம் என்று மருத்துவர்கள் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள்.

"இதையே கொஞ்சம் கூட்டிச் செஞ்சு குடுத்துருங்க பாய். பார்த்த உடனே தியேட்டரே அலறணும்" என்றார் அவர்.

அந்த முகத்தை நான் புத்தகத்தில் பார்க்க வேண்டியதில்லை. என் பெரியத்தாவின் முகம் அது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை எங்கள் பகுதிக்கு வந்துசேரும்வரை அவருக்கு நோய் இருந்தது. மருந்து வந்தது, நோய் முற்றிலும் நீங்கியது, அது விட்டுச்சென்ற தடம் மட்டும் நீங்கவில்லை. அவரால் இனி எவருக்கும் எதுவும் ஒட்டாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பின்னரும், ஜமாஅத்தில் கடைசி வரிசையின் கடைசி இடத்தில்தான் அவர் நிற்பார். யாரும் அவரை அங்கே நிற்கச் சொன்னதில்லை. முன்னால் வாருங்கள் என்று அழைத்தவர்களும் இல்லை. 2005ஆம் ஆண்டு முடியும்போது, தொழுநோய் இந்நாட்டில் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையைக் கடந்துவிட்டதாக அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பை நாளிதழில் படித்துக் காட்டியபோது அவர் தலையை மட்டும் அசைத்தார்.

நோயாளியின் முகத்தைப் பேய்க்குக் கடன் வாங்குவது அந்த இளைஞர் கண்டுபிடித்த வழியன்று. பேய்ப்படம் தோன்றிய நாள்தொட்டு நடந்துவருவதுதான் அது. அமெரிக்காவில் ராண்டோ ஹாட்டன் என்றொருவர் இருந்தார். முதல் உலகப்போரில் போர்முனை கண்டவர். எலும்புகளை அளவுக்கு மீறி வளரச் செய்யும் சுரப்பிக் கோளாறு அவருடைய முகத்தை மாற்றிவிட்டது. 1940களில் படநிறுவனம் ஒன்று அவரைக் கொலைவெறி பிடித்த உருவமாகத் திரையில் உலவவிட்டு, ஒப்பனையே தேவைப்படாத அரக்கன் என்பதுபோல் விளம்பரமும் செய்தது. 1946இல் அந்நோயின் விளைவாகவே அவர் இறந்தார்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். பம்பாயில் ராம்சே சகோதரர்கள் எழுவர். 1970இல் அவர்கள் தந்தையார் எடுத்த படமொன்று ஓடவில்லை. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் பயங்கரமான முகமூடி அணிந்து அருங்காட்சியகத்தில் கொள்ளையிடும் ஒரு காட்சிக்காக மட்டும் மக்கள் மீண்டும் மீண்டும் வருவதைச் சகோதரர்கள் கவனித்தார்கள். அந்த ஒரு காட்சியிலிருந்தே பேய்ப்பட வாணிபம் பிறந்தது. 1972இல் குடும்பத்தோடு மகாபலேசுவரத்துக்குப் போய்த் தங்கி, ஒரு சிறு முதலீட்டில் எடுத்து முடித்த படத்துக்கு 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே' என்று பெயரிட்டார்கள். ரங்கூனில் நாடு கடத்தப்பட்ட நிலையில் 1862இல் மறைந்த பகதூர் ஷா ஜஃபரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் இரண்டு கஜ மண் ஏக்கம், பேய்ப்படத் தலைப்பாகவும் ஆயிற்று, காலத்தின் கோலம்! 1984இல் அவர்களுடைய 'புரானா மந்திர்' பெருவெற்றி கண்டது. அதில் சாம்ரி என்னும் அரக்கனாக வந்த அஜய் அகர்வால் ரூர்க்கியில் பொறியியல் படித்தவர். தமக்கும் சுரப்பிக் கோளாறு இருந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருடைய முகத்துக்கு அதிகம் வேலை செய்யத் தேவைப்படவில்லை. அவர் அந்த வேடத்தை விரும்பியே ஏற்றார், அதனால் அறியப்பட்டார். ஆகவே அவர் சார்பில் வருந்த எனக்கு உரிமை இல்லை. ஆனால் திரையில் அவரைக் கண்டு அலறிய கூட்டம், மறுநாள் தெருவில் அதே நோயுடைய வேறொருவரைக் காணும்போது எதை நினைத்திருக்கும்?

அந்தத் தாளை மடித்து இயக்குநரிடமே கொடுத்துவிட்டு, ஒரு வாரம் தவணை கேட்டேன்.

அந்த வாரத்தில் என் மனத்தில் வேறொரு வழக்கும் நடந்துகொண்டிருந்தது. உயிருள்ளவற்றின் உருவத்தைச் சமைப்பது குறித்து நம் மார்க்கத்தின் நிலையை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மார்க்க அறிஞர்களுள் பெரும்பாலோர் அதைக் கண்டிப்புடன் தடுக்கிறார்கள்; குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைக்கு மட்டும் இடம் தருபவர்கள் பலர். எனக்குக் குர்ஆன் ஓதக் கற்றுத்தந்த ஹஸ்ரத்திடம் போனேன். முதியவர், கண் மங்கியிருந்தாலும் சிரிப்பு மங்காதவர். நான் சொன்னதைக் கேட்டு முடித்ததும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறாயா என்றார். அவற்றிடையே கந்தலால் இறக்கை வைத்த குதிரையொன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியும்படி பெருமானார் சிரித்தார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி இது. உலகில் இல்லாத ஒரு பிராணியைக் கந்தலால் செய்த கையைக் கண்டு எழுந்த அந்தச் சிரிப்பை எண்ணி எண்ணி நான் பலநாள் ஆறுதல் பெற்றிருக்கிறேன்.

ஆனால் ஹஸ்ரத் அத்துடன் நிறுத்தவில்லை. அதே நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது என்றார். பயணத்தில் தூங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றை மற்றொருவர் விளையாட்டாக எடுக்கப்போக, தூங்கியவர் திடுக்கிட்டு எழுந்தார். ஒரு முஸ்லிமைப் பயமுறுத்துவது இன்னொரு முஸ்லிமுக்கு ஆகாது என்று நபிகளார் தடுத்துவிட்டார்கள். "உன் பேய் முதல் செய்தியில் சேருமா, இரண்டாவதில் சேருமா என்று நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு, ஹஸ்ரத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்கள்.

அந்த வழக்கை நான் தீர்த்துவிட்டதாக இன்றளவும் எண்ணவில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. தூங்குகிறவன் அச்சத்தைக் கேட்டு வாங்கவில்லை. நுழைவுச் சீட்டு வாங்கியவன் கேட்டு வாங்குகிறான். 1951இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'மர்மயோகி', அதில் வரும் ஆவி உருவத்துக்காக, வயது வந்தோர்க்கு மட்டும் என்னும் சான்றிதழைப் பெற்றது. தமிழ்ப்படங்களுள் முதன்முதலாக அந்தச் சான்றிதழ் பெற்றதும் அதுவே. அந்தச் சான்றிதழின் பொருளும் ஏறக்குறைய இதுதான்: உள்ளே அச்சம் இருக்கிறது, தெரிந்து வருக.

நாடக மேடைக்கு அத்தகைய வாசற்காவல் இருந்ததில்லை. மதுரையில் 1918ஆம் ஆண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்த சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி நாடகக்காரர்கள் இன்றும் சொல்லும் செய்திகள் உண்டு. இளமையில் அவர் எமன், சனீஸ்வரன் முதலிய வேடங்களில் பேர்பெற்றவர். அவருடைய எமன் வேடத்தின் உக்கிரத்தைக் கண்டு, அவையிலிருந்த கருவுற்ற பெண் ஒருத்திக்குக் கருக்கலைந்தது என்பார்கள். இன்னொரு முறை, விடியற்காலையில் சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க அவர் நீர்நிலைக்குச் சென்றபோது, துணி வெளுக்க வந்த பெண் அவரைக் கண்ட அதிர்ச்சியிலேயே உயிர்விட்டாள் என்பார்கள். அதன்பிறகு சுவாமிகள் வேடம் கட்டுவதை விட்டொழித்து, எழுதுவதிலும் கற்பிப்பதிலும் இறங்கினார். நாடகம் பார்க்க வந்தவளுக்கு நேர்ந்ததைவிட, துணி வெளுக்க வந்தவளுக்கு நேர்ந்ததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அவள் எந்தச் சீட்டும் வாங்கவில்லை. என் பெரியத்தாவும் எந்தப் படத்துக்கும் சீட்டு வாங்கியதில்லை. தெருவில் நடந்துபோகிற அவருடைய முகத்தை எடுத்துத் திரையில் ஒட்டினால், படம் முடிந்து கூட்டம் கலைந்த பின்னும் அச்சம் அவரோடு தெருவில் நடந்துபோகும்.

அப்படியானால் பேய்க்கு எந்த முகத்தைக் கொடுப்பது? முகத்தைப் பற்றிய கேள்வியே தவறு என்பதை எனக்கு உணர்த்தியவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து ஏறத்தாழ 1040இல் மறைந்த இப்னுல் ஹைஸம். ஒளியியலில் அவர் செய்த சாதனைகளைப் பெருமையோடு சொல்லும் நாம், 'கிதாபுல் மனாழிர்' என்னும் அவருடைய பெருநூலின் மூன்றாம் பகுதியை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. கண் எப்படித் தவறாகப் பார்க்கிறது என்பதை ஆராயும் பகுதி அது. ஒன்றைச் சரியாகப் பார்ப்பதற்கு எட்டு நிபந்தனைகள் உண்டு என்கிறார் அவர். ஏற்ற தொலைவு, கண்ணுக்கு நேரான நிலை, போதிய வெளிச்சம், போதிய பருமன், ஒளி ஊடுருவிப் போகாத திண்மை, இடையிலுள்ள காற்றின் தெளிவு, போதிய நேரம், கண்ணின் நலம். இவற்றுள் ஒன்று அளவு குன்றினாலும் மிகுந்தாலும் மனம் தானாக எதையோ இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தப் பட்டியலை, ஏழைப் பேய்ப்படக்காரனுக்கு எழுதிய கைந்நூலாகவே நான் படித்தேன்.

வரலாறும் அதற்குச் சான்று பகர்கிறது. 1942இல் வால் லூட்டன் தயாரித்த 'கேட் பீப்புள்' மிகச் சிறிய முதலீட்டில் எடுக்கப்பட்டது. நீச்சல் குளத்தில் தனித்து நிற்கும் பெண்ணைச் சுற்றிச் சுவர்களில் நீரொளி நெளிகிறது, ஓர் உறுமல் கேட்கிறது, ஒரு நிழல் நகர்கிறது. மிருகம் தெளிவாகத் தெரிவதே இல்லை. 1975இல் 'ஜாஸ்' படத்துக்காகப் பெரும் பொருட்செலவில் செய்த இயந்திரச் சுறா, கடலின் உப்புநீரில் அடிக்கடி பழுதாகி நின்றது. வேறு வழியின்றிச் சுறாவைக் காட்டாமலே பாதிப் படத்தை நகர்த்தினார்கள். உலகமே கடலைக் கண்டு நடுங்கியது. பணம் இல்லாதவனும், பணம் இருந்தும் பொறி ஓடாதவனும் ஒரே துறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு மேதையும் நம்மிடையே இருந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நன்றியன்று. விட்டலாச்சாரியா எதையும் மறைக்க மாட்டார். 1978இல் வந்த 'ஜகன்மோகினி'யில் பேய்ப்பெண் தன் கால்களையே விறகாக அடுப்பில் வைத்து எரித்துச் சமைப்பாள். முழு வெளிச்சத்தில், நேருக்கு நேராக. இதற்கு வேண்டியது நடிகையின் கால்களை மறைக்க ஒரு பள்ளமும் ஒரு ஜோடிப் பொய்க்கால்களும்தான். சம்பளத்தை உயர்த்திக் கேட்ட நடிகரை அடுத்த காட்சியில் சாபம் கொடுத்துக் கிளியாக்கிவிட்டு, மீதிப் படத்தைக் கிளியை வைத்தே முடித்துவிடுவார் என்று அவரைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவருடைய பேய்கள் அச்சத்தைவிடக் கொண்டாட்டத்தையே தந்தன. குழந்தைகள் பயந்துகொண்டே சிரித்தார்கள். அந்தக் கலை எனக்கு வாய்க்கவில்லை. கிணற்றுக் கதைக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

ஒரு வாரம் கழித்து இயக்குநர் வந்தபோது, களிமண்ணில் பிசைந்த ஒரு தலையைக் காட்டினேன். கிணற்றில் வாழ்வது எதுவோ அதன் தலை. கெளுத்தி மீனின் அகன்ற வாய், மூடாத இமையற்ற கண், வாயோரத்து மீசை. மனித முகத்தின் சாயலே இல்லை. மீன் சந்தையில் அரைக்கிலோ கெளுத்தி வாங்கிவந்து பலகையில் கிடத்தி, இரண்டு நாள் பார்த்துப் பார்த்துச் செய்தேன். மீன் பிறகு குழம்பாகிவிட்டது.

"பாய், இது மீனா, பேயா?" என்றார் அவர் ஏமாற்றத்துடன்.

விளக்கை அணைத்தேன். கொட்டகையின் மூலையில் சாம்பிராணிப் புகை போட்டு, தரையில் தண்ணீர்த் தட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் கைவிளக்கின் ஒளியைச் சாய்த்து வீழ்த்தினேன். தண்ணீரில் பட்டுத் தெறித்த ஒளி அந்தத் தலையின்மேல் நெளிந்தது. ஒரு நொடி ஆகுமுன் விளக்கை அணைத்துவிட்டேன். வெளிச்சம், காற்றின் தெளிவு, நேரம் என மூன்று நிபந்தனைகளை முறித்தாகிவிட்டது. அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, இதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அவரை மாற்றியது என் நியாயம் என்று நான் பெருமை பேச மாட்டேன். இரண்டு முகமூடிகளுக்குப் பதில் ஒன்றே போதும் என்ற கணக்கும் அவர் காதில் இனிமையாக விழுந்திருக்கும்.

வேலை இருபத்திரண்டு நாள் பிடித்தது. விளாச்சேரிப் பெரியவர் ஒருவர் வந்து அச்சின் பிளவுக் கோட்டை மாற்றிக் கொடுத்தார். நான் வரைந்திருந்த கோட்டில் பிளந்திருந்தால் மீசையின் அடிப்பாகம் ஒவ்வொரு முறையும் கிழிந்திருக்கும். ரப்பர் பாலை அச்சுக்குள் ஊற்றிச் சுழற்றினால், மாவு அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டு ஒரு தோலை நிறுத்திவைக்கும். மிகுந்ததைக் கவிழ்த்துவிட்டு மீண்டும் ஊற்ற வேண்டும். பால் கெடாமலிருக்க அதில் சேர்த்திருக்கும் அம்மோனியாவின் நெடியால் அண்டை வீட்டார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. காய்ந்த ரப்பர் சுருங்கும் என்பதால் தலையை முன்கூட்டியே சற்றுப் பெரிதாகச் செய்திருந்தேன். வழுவழுப்புக்கு 1979இல் 'ஏலியன்' படத்தார் மருத்துவமனைக் களிம்பைப் பயன்படுத்தினார்களாம். நான் ஜவ்வரிசிக் கஞ்சியையும் கற்றாழைச் சோற்றையும் கலந்தேன். இரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகு வைக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் மதுரை எறும்புகளை அறிந்தவர் அதைக் கிணற்றடியில் வைத்து உபயோகிக்க மாட்டார். கிழங்கு மாவைக் காய்ச்சிச் சிவப்பேற்றினேன்.

முகமூடியைக் கொடியில் காயப்போட்டிருந்த பிற்பகலில், பெரியத்தா மாடிக்கு வந்தார். சுற்றி வந்து பார்த்தார். உணர்வற்றுப்போன விரல்களால் அதன் வாயைத் தொட்டார்.

"கெளுத்தியாடா?" என்றார்.

"ஆமாங்கத்தா."

"மீசை பத்தாது. கெளுத்திக்கு மீசைதான் கண்ணு. சின்ன வயசுல ஆத்துல எத்தனை புடிச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, தம் முழங்கையை நீட்டி அளவு காட்டினார். இருட்டிலும் கலங்கலிலும் அது மீசையால்தான் வழி தேடும் என்றும், கையை வைத்தால் பக்கத்து முள் குத்திவிடும் என்றும் வெகுநேரம் விளக்கினார். அன்றிரவே மீசையை இரண்டு மடங்கு நீட்டினேன். கிணற்றுப் படியில் அந்த மீசை முதலில் வந்து தடவிப் பார்க்கும் காட்சி அப்படித்தான் பிறந்தது. படத்தில் உருப்படியான காட்சி அது ஒன்றே என்பது என் கருத்து.

படப்பிடிப்பில் உருவத்துக்குள் இருந்தவர் கரகாட்டக் குழுவொன்றில் ஆடிய இளைஞர். 1954இல் 'காட்ஸில்லா' உடைக்குள் நின்ற ஹருவோ நகஜிமா, ஏறத்தாழ நூறு கிலோ எடையைச் சுமந்துகொண்டு சில நிமிடங்களுக்குமேல் நடக்க முடியாமல் தவித்தார் என்பார்கள். நம் இளைஞருக்கு எடை குறைவு. ஆனால் அது மதுரையின் மே மாதம். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை தலையைக் கழற்றி, மோர் கொடுத்து, விசிறிக்கொண்டிருந்தோம். உடைக்குள் இருக்கும் மனிதர் மயங்கி விழுந்தால் வெளியே இருப்பவர்களுக்கு அது நடிப்பாகவே தெரியும். ஆகவே அவர் கையில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் ஒருமுறை இழுத்தாலும் ஒளிப்பதிவை நிறுத்திவிட வேண்டும் என்று இயக்குநரிடம் முதலிலேயே வாக்கு வாங்கியிருந்தேன். இருமுறை இழுத்தார், இருமுறையும் நிறுத்தினோம்.

முழுப் படத்திலும் உருவம் தெரிந்த நேரம் நாற்பது நொடிக்குக் குறைவு. படம் சில ஊர்களில் சில நாள்கள் ஓடியது. பேயைச் சரியாகக் காட்டவே இல்லை என்று விநியோகஸ்தர் குறைப்பட்டுக்கொண்டதாகக் கேள்வி. எனக்கு வரவேண்டிய பாக்கியில் நாலாயிரம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. இரண்டாவது நாள் மாலைக் காட்சிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மீசை கிணற்றுப் படியைத் தடவியபோது, எனக்கு முன்னால் இருந்த சிறுவன் தன் இரண்டு கால்களையும் இருக்கையின்மேல் தூக்கி வைத்துக்கொண்டான். படம் முடிந்ததும் அவன் தன் தம்பியிடம், இனி எந்தக் கிணற்றையும் எட்டிப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு போனான். கிணற்றை எட்டிப் பார்க்காமலிருப்பது எந்தப் பிள்ளைக்கும் நல்லதுதான் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

இயற்கை ரப்பர் மதுரை வெயிலுக்கு நெடுநாள் தாங்காது. இரண்டாம் ஆண்டில் முகமூடி பிசுபிசுத்தது. மூன்றாம் ஆண்டில் வெடித்து உதிர்ந்தது. அச்சு மட்டும் விளாச்சேரியில், பெரியவர் வீட்டுப் பரணில் காகிதம் சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. குறும்படம் எடுக்கும் கல்லூரி மாணவர்கள் சிலர் சென்ற மாதம் வந்து, அதே உருவம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ரப்பர் பாலுக்குக் கம்பத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.